ஜனவரி 2021: கரோலினா கைவிட்ட கஸ்டாவ் ஃபோர்ஸ்லிங்

2021 ஜனவரி 9 அன்று என்எச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) அணியான கரோலினா ஹரிகேன்ஸ் ஒரு தடுப்பாட்டக்காரரை இழந்தது. பதிலுக்கு ஒரு வீரரும் வரவில்லை, ஒரு டிராப்ட் தேர்வும் (புது இளம் ஆட்டக்காரரை எடுக்கும் உரிமை) வரவில்லை. கஸ்டாவ் ஃபோர்ஸ்லிங், வயது 24, ஸ்வீடன்காரர். கரோலினா சட்டையில் ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடாதவர். முந்தைய நாள் வெய்வரில் (மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில்) போட்டார்கள், புளோரிடா பாந்தர்ஸ் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் செய்தி. மூன்றரை ஆண்டு கழித்து 2024 ஜூனில் அதே ஃபோர்ஸ்லிங் புளோரிடாவின் முதல் ஜோடித் தடுப்பாட்டக்காரராக லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார், 2025இல் மறுபடியும் தூக்கினார், அந்த இரண்டாவது கோப்பைக்குப் போகிற வழியில் அரையிறுதியில் தோற்றது யார் என்றால் கரோலினா.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் "கரோலினாவுக்கு ஆளைப் பார்க்கத் தெரியவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜனவரி 8 அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் கரோலினா எடுத்த முடிவை என்னால் குறை சொல்ல முடியாது. அந்தத் தகவல் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இருக்கிறது.

முதலில் விதிகள். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமுக்கு ஐம்பது அறுபது பேர் வருவார்கள். சீசன் தொடங்கும் நாளில் பட்டியலில் 23 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஆட்டத்தில் இறங்குவது 18 ஆட்டக்காரர்களும் 2 கோல்கீப்பர்களும். மிச்சம் இருப்பவர்கள் துணை லீக்கான ஏஎச்எல்லுக்குப் போக வேண்டும். இளைஞர்களை எந்தத் தடையும் இல்லாமல் அனுப்பிவிடலாம். மற்றவர்களை அப்படி அனுப்ப முடியாது. எந்த வயதில் முதல் ஒப்பந்தம் போட்டார், அதற்கப்புறம் எத்தனை ஆண்டு போயிற்று, எத்தனை என்எச்எல் ஆட்டம் ஆடினார் என்பதை வைத்து ஓர் அட்டவணை இருக்கிறது. கோல்கீப்பர் அல்லாதவர் 18 வயதில் ஒப்பந்தம் போட்டிருந்தால் பொதுவாக 5 ஆண்டு அல்லது 160 ஆட்டம், 20 வயதில் போட்டிருந்தால் 3 ஆண்டு அல்லது 160 ஆட்டம், எது முதலில் முடிகிறதோ அதுவரை விலக்கு. 25 வயதோ அதற்கு மேலோ என்றால் ஒரே ஓர் ஆண்டு.

விலக்கு முடிந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் வெய்வரில் போட வேண்டும். 24 மணி நேரம் அவர் பெயர் எல்லா அணிகளின் முன்னாலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பலர் கேட்டால் புள்ளிப்பட்டியலில் கீழே இருக்கும் அணிக்குத்தான் முன்னுரிமை. சீசனுக்கு முன்னால் என்றால் போன சீசனின் பட்டியலைப் பார்ப்பார்கள். எடுக்கிற அணிக்கும் இது இலவசம் இல்லை. அவரைத் தன் 23 பேரில் ஒருவராக வைத்துக்கொள்ள வேண்டும், கீழே அனுப்ப நினைத்தால் அவர்களும் வெய்வரில் போட்டாக வேண்டும். எல்லா அணிகளும் ஒரே வாரத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு அணியின் ஏழாவது எட்டாவது தடுப்பாட்டக்காரருக்கு இடம் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் முகாம் முடிகிற வாரத்தில் வெய்வரில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் யாரும் கேட்காமல் ஏஎச்எல்லுக்குப் போய்ச் சேர்கிறார்கள், மேலாளர்களும் அந்த நெரிசலை நம்பித்தான் பெயரைப் போடுகிறார்கள்.

சரி, ஃபோர்ஸ்லிங்கிடம் வருவோம்.

லின்ஷோப்பிங்கில் பிறந்து அந்த ஊர் அணியிலேயே வளர்ந்தவர். 2014 டிராப்டில் வான்கூவர் ஐந்தாவது சுற்றில் 126ஆவது ஆளாக எடுத்தது. ஓராண்டுகூட ஆகவில்லை, 2015 ஜனவரியில் ஆடம் கிளெண்டெனிங் என்ற இன்னொரு இளம் தடுப்பாட்டக்காரருக்காக சிகாகோவிடம் கொடுத்துவிட்டார்கள். சிகாகோவில் 2016இலிருந்து மூன்று சீசன், 122 ஆட்டம். ஒருமுறைகூட முழு சீசன் ஆடவில்லை, மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், நடுவில் மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை வேறு. 2019 ஜூனில் கரோலினாவின் கால்வின் டி ஹானும் அலெக்சி சாரெலாவும் சிகாகோவுக்குப் போக, ஃபோர்ஸ்லிங்கும் கோல்கீப்பர் ஆன்டன் ஃபோர்ஸ்பெர்க்கும் கரோலினாவுக்கு வந்தார்கள். 23 வயதுக்குள் மூன்றாவது அமைப்பு.

அவர் ஆட்டத்தில் அப்போதே தெரிந்தது சறுக்கு வேகம், குறிப்பாகப் பின்னோக்கிச் சறுக்குவதில். எதிரணி முன்கள ஆட்டக்காரர் நடுப்பகுதியில் பக்கோடு (மட்டையால் அடித்து ஆடும் தட்டையான வட்டு) வேகமெடுத்து வரும்போது பல தடுப்பாட்டக்காரர்கள் பாதுகாப்புக்காகப் பின்வாங்கித் தங்கள் பகுதியின் எல்லையான நீலக்கோட்டை விட்டுக்கொடுப்பார்கள். ஃபோர்ஸ்லிங் பின்வாங்குவதில்லை, இடைவெளியை ஒரு மட்டை நீளத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து ஆளைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி, மட்டை நுனியால் பக்கைத் தட்டிவிடுவார். மோதல் சத்தம் கேட்காது, ரீப்ளே போட மாட்டார்கள். சிகாகோ காலத்தில் குறையாகச் சொல்லப்பட்டது தன் கோலுக்கு முன்னால் பலமான ஆட்களோடு மல்லுக்கட்டும்போது அவர் தோற்பது. அதுவும் உண்மைதான். ஆனால் 22, 23 வயதுத் தடுப்பாட்டக்காரர்களில் அந்தக் குறை இல்லாதவர்கள் குறைவு, இந்த இடத்தில் ஆடுகிறவர்கள் முன்கள ஆட்டக்காரர்களைவிடத் தாமதமாகத்தான் முதிர்வார்கள் என்பது எல்லா அணிகளுக்கும் தெரியும்.

கரோலினா அவரை 2019–20 சீசன் முழுக்க ஏஎச்எல்லில் ஷார்லட் செக்கர்ஸ் அணியில் வைத்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். 2020 ஜனவரி 16 அன்று கொலம்பஸில் டூகி ஹாமில்டனுக்குக் காலில் எலும்பு முறிந்தது. அவர் அப்போது அணியின் சிறந்த தாக்குதல் தடுப்பாட்டக்காரர். பிப்ரவரி 22 அன்று டொராண்டோவில் பிரெட் பெஷியும் தோள் காயத்தோடு வெளியேறினார். (அவசர கோல்கீப்பராக 42 வயது டேவிட் ஏயர்ஸ் இறங்கி ஜெயித்தாரே, அதே ஆட்டம். அந்த இரவின் கொண்டாட்டத்தில் பெஷி காயத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள்.) இரண்டு நாளில் கரோலினா சந்தைக்குப் போனது: நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து பிரேடி ஷேயை வாங்கியது, நியூ ஜெர்சியிடமிருந்து சாமி வாட்டனனை வாங்கியது.

ஷேயை வாங்கியது நல்ல முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் பல ஆண்டு அந்த அணியின் முதல் நால்வரில் இருந்தார். ஆனால் ஹாமில்டன் விழுந்த நாளுக்கும் மார்ச் 12 அன்று கொரோனாவால் லீக்கே நின்ற நாளுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் ஷார்லட்டிலிருந்து ஃபோர்ஸ்லிங்கை மேலே கூப்பிட்டு ஒரு ஐந்தாறு ஆட்டம் ஆட வைத்துப் பார்க்கவில்லை. ஒரே ஓர் ஆட்டம்கூட இல்லை. எட்மண்ட்சன், வான் ரீம்ஸ்டைக், ஃப்ளூரி, கார்டினர் என்று ஆட்கள் இருந்தார்கள், ஒவ்வொரு இரவும் அந்த இரவின் வெற்றிக்கு யார் நல்லது என்று மட்டும் பார்த்தால் அவர்களை இறக்கியதும் சரிதான். அப்படி ஒவ்வொரு இரவும் சரியான முடிவை எடுத்துக்கொண்டே போனதில், சீசன் முடிவில் தன்னிடம் இருக்கும் ஒரு தடுப்பாட்டக்காரரைப் பற்றி அந்த அணிக்கு ஒன்றுமே தெரியாமல் போயிற்று. ஏஎச்எல் ஆட்டத்தைப் பார்த்துச் சிலதைக் கணிக்கலாம். ஆனால் ஃபோர்ஸ்லிங்கின் பலமே இந்த லீக்கின் வேகத்துக்கு எதிராக அவர் எப்படி இடைவெளியை மூடுகிறார் என்பதில் இருக்கிறது, வேகம் குறைந்த லீக்கில் அதைச் சோதிக்க வழியில்லை.

அப்புறம் வந்த முகாம் இருக்கிறதே, அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. 2020–21 சீசன் 56 ஆட்டமாகச் சுருங்கி ஜனவரி 13இல் தொடங்கியது. முகாம் ஜனவரி 3இல் தொடங்கியது. முன்சீசன் ஆட்டம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தங்களுக்குள் ஆடிக்கொண்ட ஆட்டங்கள்தான். வழக்கமான ஆண்டில் எல்லையில் நிற்கும் ஓர் ஆட்டக்காரருக்கு நாலைந்து முன்சீசன் ஆட்டமாவது கிடைக்கும், எதிரே வேறு அணி இருக்கும், ஒரு நல்ல இரவு அமைந்தால் மேலாளர் மனசு மாறும். ஃபோர்ஸ்லிங்குக்கு அந்த இரவே இல்லை. முகாம் தொடங்கி ஐந்தாவது நாள், ஜனவரி 8 அன்று, வெய்வரில் பெயர் வந்துவிட்டது.

அந்த ஆண்டு மட்டும் டாக்ஸி ஸ்குவாட் என்று ஒன்று இருந்தது. 23 பேருக்கு வெளியே நான்கிலிருந்து ஆறு பேர் அணியோடேயே பயணம் செய்து பயிற்சி எடுக்கலாம். ஆனால் விலக்கு முடிந்தவரை அதில் சேர்க்கவும் வெய்வர் வேண்டும். அதனால் அந்த ஒரு வாரத்தில் வெய்வரில் பெயர்கள் வந்து குவிந்தன. கரோலினாவும் அந்தக் கூட்டத்தில் இவர் பெயர் யார் கண்ணிலும் படாது என்று நினைத்திருக்கலாம், நினைத்தது நியாயம்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கரோலினாவின் தடுப்பு வரிசையில் அப்போது ஜேக்கப் ஸ்லேவின், ஷே, கார்டினர், ஃப்ளூரி, ஜேக் பீன் என ஐந்து பேர் இடக்கைக்காரர்கள். வலக்கைக்காரர்கள் ஹாமில்டனும் பெஷியும். ஃபோர்ஸ்லிங் இடக்கை. அதாவது ஆறாவது இடக்கை. தடுப்பில் மூன்று ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்கம் ஒருவர் வலப்பக்கம் ஒருவர். பக்கம் மாறி ஆடலாம், பலர் ஆடுகிறார்கள், ஆனால் சுவரோரம் வரும் பக்கைத் திருப்பி அடிக்கும்போது மட்டையின் கோணம் மாறிப்போகும், அரை விநாடி தாமதமாகும், அந்த அரை விநாடியில்தான் எதிரணி வந்து அழுத்தும். ஆகவே ஆறாவது இடக்கைக்காரர் என்பவர் இரண்டு மூன்று பேருக்குக் காயம் ஆனால் ஒழிய இறங்கப்போவதில்லை.

புளோரிடா பக்கம் திரும்பினால் படமே தலைகீழ். ஆரன் எக்பிளாட், மெக்கென்சி வீகர், ஆன்டன் ஸ்ட்ரோல்மன், ராட்கோ குடாஸ் நால்வரும் வலக்கை. அனுபவமுள்ள இடக்கைக்காரர்கள் என்றால் கீத் யாண்டிலும் மார்கஸ் நுட்டிவாராவும்தான். இடக்கைக்காரரான மைக் மேதிசனை 2020 செப்டம்பரில்தான் பிட்ஸ்பர்கிடம் கொடுத்திருந்தார்கள். அதே மாதம் மேலாளராக வந்திருந்த பில் ஸிட்டோ கிட்டத்தட்ட பாதி அணியை மாற்றிக்கொண்டிருந்தார். அதோடு புளோரிடாவின் பயிற்சியாளர் அப்போது ஜோயல் குவென்வில். சிகாகோவில் ஃபோர்ஸ்லிங்கை முதன்முதலில் என்எச்எல்லில் இறக்கியவர் அவர்தான், இரண்டு சீசன் பயிற்சியில் பார்த்தவர். ஆக, கரோலினாவைவிட புளோரிடாவுக்கு அவரைப் பற்றி நேரடியாக அதிகம் தெரியும். தன் ஆளைத் தானே பார்க்காமல் வைத்திருக்கும் அணிக்கு, அவரை முன்பே பார்த்த இன்னோர் அணி எங்கேயாவது இருக்கும் என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டும்.

சுவாரசியம் இன்னொன்று: கரோலினா துணை அணியை மாற்றிக்கொண்டதால் ஷார்லட் செக்கர்ஸ் 2020 செப்டம்பரில் புளோரிடாவின் துணை அணியாகிவிட்டது. போன சீசன் முழுக்க ஃபோர்ஸ்லிங் ஆடிய அதே அணி.

முன்னுரிமை வரிசையில் புளோரிடாவுக்கு முன்னால் டெட்ராய்ட், ஒட்டாவா, சான் ஹோசே, லாஸ் ஏஞ்சல்ஸ், அனாஹெய்ம், நியூ ஜெர்சி, பஃபலோ என்று தடுப்பில் ஓட்டை இருந்த அணிகள் நின்றன. டெட்ராய்ட் முந்தைய சீசனில் 71 ஆட்டத்தில் 17 மட்டுமே ஜெயித்த அணி. ஒருவரும் கேட்கவில்லை. கரோலினாவைத் திட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இதில் கரோலினாவுக்கு இன்னொரு பாதகம் சேர்ந்துகொண்டது. கொரோனாவால் அந்த ஆண்டு பிரிவுகளை மாற்றியமைத்ததில் கரோலினாவும் புளோரிடாவும் ஒரே பிரிவில் வந்தன, ஆட்டங்கள் எல்லாம் பிரிவுக்குள் மட்டும், ஒவ்வோர் எதிரணியோடும் எட்டு முறை. முடிவில் கரோலினா 80 புள்ளியோடு முதலிடம், புளோரிடா 79 புள்ளியோடு இரண்டாமிடம். மார்ச் கடைசியில் டல்லாஸில் எக்பிளாடின் கால் முறிந்து அவர் சீசன் முடிந்த பிறகும் புளோரிடாவின் தடுப்பு குலையாமல் நின்றதற்கு வீகரோடு சேர்த்து ஃபோர்ஸ்லிங்கும் ஒரு காரணம். 56இல் 43 ஆட்டம் ஆடி 17 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நேரான ஏற்றம். 2021 கோடையில் மூன்று ஆண்டுக்கு மொத்தம் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2021–22இல் 37 புள்ளி, அடுத்த சீசனில் 82 ஆட்டமும் ஆடி 41. 2023–24இல் அவருடைய பிளஸ்-மைனஸ் +56, லீக்கிலேயே முதலிடம். அவர் பனித்தளத்தில் இருக்கும்போது அணி அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்து வருகிற எண் அது, எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது அடிக்கும் பவர்பிளே கோல் சேராது. நல்ல அணியில் இருந்தால் அந்த எண் தானாகவே கொஞ்சம் ஏறும், அதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது. ஆனால் ஒவ்வோர் இரவும் எதிரணியின் முதல் வரிசைக்கு எதிராக ஆடிவிட்டு +56 வாங்குவதை அணியின் புண்ணியம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. அந்த சீசன் முடிவதற்குள், 2024 மார்ச்சில், எட்டு ஆண்டுக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள்.

2024 மே 17, பாஸ்டன், கோப்பைக்கான பிளேஆஃப் இரண்டாவது சுற்றின் ஆறாவது ஆட்டம். ஸ்கோர் 1–1, மூன்றாவதான கடைசிப் பகுதியில் மிச்சம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. புளோரிடாவின் ஆன்டன் லண்டெல் அடித்ததை பாஸ்டன் கோல்கீப்பர் ஜெரமி ஸ்வேமன் தடுக்கிறார், பக் திரும்பி வெளியே வருகிறது, தடுப்பாட்டக்காரர் ஒருவர் பின்னாலிருந்து முழு வேகத்தில் உள்ளே வந்து அதை வலைக்குள் தள்ளுகிறார். 1 நிமிடம் 33 விநாடி பாக்கி இருக்க, தொடரையே முடித்த கோல். அந்த நேரத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் அவ்வளவு முன்னால் வருவதற்குப் பயிற்சியாளர் அனுமதி மட்டும் போதாது, பக் கைமாறினால் திரும்பி ஓடிப் பிடித்துவிடலாம் என்ற தன் காலின் மீதான நம்பிக்கை வேண்டும். அது ஃபோர்ஸ்லிங்கிடம் இருந்தது.

கரோலினாவுக்கு வலித்திருக்கக் கூடியது 2023 கிழக்கு இறுதி, அதாவது கோப்பைக்கான அரையிறுதி. புளோரிடா 4–0, நான்கும் ஒரு கோல் வித்தியாசம், முதல் ஆட்டம் நான்காவது கூடுதல் நேரத்தின் கடைசி விநாடிகள் வரை போனது. அவ்வளவு நெருக்கமான தொடரில் ஆட்டத்துக்கு ஒன்றாக நான்கு தடுப்புகள் வேறு மாதிரி அமைந்திருந்தால் போதும் என்று தோன்றும். இரண்டு ஆண்டு கழித்து 2025இல் மறுபடியும் அதே கட்டத்தில் புளோரிடா 4–1.

இதை வைத்து "வெய்வரில் யாரையும் போடாதே" என்று யாராவது சொன்னால் அது தப்பு. அதே ஜனவரியில் கரோலினா கோல்கீப்பர் அலெக்ஸ் நெடெல்கோவிச்சையும் வெய்வரில் போட்டது. மற்ற 30 அணிகளும் வேண்டாம் என்றன. கரோலினாவிடமே தங்கிய அவர் அந்த சீசனில் .932 தடுப்பு விகிதத்தோடு (வந்த அடிகளில் 93.2 சதவீதத்தைத் தடுத்து) ஆடி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதின் இறுதி மூவரில் வந்தார். ஒரே மாதம், ஒரே மேலாளர் டான் வாடெல், ஒரே வழிமுறை, ஒருவர் போனார், ஒருவர் தங்கினார். ஃபோர்ஸ்லிங்கோடு சிகாகோவிலிருந்து வந்த ஃபோர்ஸ்பெர்க் இன்னொரு ரகம்: அதே சீசனில் எட்மண்டனிலிருந்து கரோலினா, அங்கிருந்து வின்னிபெக், அங்கிருந்து ஒட்டாவா என்று மூன்று முறை வெய்வரில் கைமாறினார், அடுத்த ஆண்டு ஒட்டாவாவின் முக்கிய கோல்கீப்பர்.

புளோரிடாவும் எப்போதும் வாங்குகிற பக்கத்தில் இருந்ததில்லை. 2010 ஜூனில் வான்கூவரிடமிருந்து மைக்கேல் கிராப்னரை வாங்கி, அந்த அக்டோபரிலேயே முகாம் முடிவில் வெய்வரில் போட்டது. நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தது. அந்த சீசனில் கிராப்னர் 34 கோல். புளோரிடாவில் அந்த ஆண்டு யாரும் 30ஐத் தொடவில்லை. அவரும் அசாத்திய வேகக்காரர், ஒரு மோசமான முகாமை வைத்து எடைபோடப்பட்டவர்.

அப்படியென்றால் கரோலினா என்ன செய்திருக்கலாம்? ஜனவரி 8 அன்று இருந்த வழிகள் குறைவு. ஃப்ளூரியை விற்றிருக்கலாம் (மூன்று மாதத்தில், ஏப்ரலில், அனாஹெய்முக்கு எப்படியும் விற்றார்கள்). ஃபோர்ஸ்லிங்கையே ஒரு கடைசிச் சுற்றுத் தேர்வுக்குக் கொடுக்கப் பார்த்திருக்கலாம், ஆனால் நாளைக்கு வெய்வரில் வருவார் என்று தெரிந்த ஆளுக்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். 2020 இலையுதிர் காலத்தில் எட்மண்ட்சனும் வாட்டனனும் போன பிறகு இவருக்கு உண்மையாகவே இடம் பார்த்திருக்கலாம். எல்லாவற்றையும்விட எளிது, 2020 பிப்ரவரியில் ஆறு ஆட்டம் கொடுத்திருக்கலாம். நன்றாக ஆடியிருந்தால் அடுத்த முகாமில் பட்டியலில் இருந்திருப்பார், அல்லது குறைந்தபட்சம் விற்பதற்கு விலை இருந்திருக்கும். மோசமாக ஆடியிருந்தால் வெய்வரில் போட்டது தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

2026–27இலிருந்து வழக்கமான சீசன் 84 ஆட்டம், முன்சீசன் அதிகபட்சம் நான்கு ஆட்டம். இதுவரை ஆறு ஏழு ஆட்டம் பார்த்துவிட்டு முடிவெடுத்த மேலாளர்கள் இனி நான்கில் எடுக்க வேண்டும், அதிலும் ஒன்றிரண்டு முதல் வரிசை ஆட்களைத் தயார்படுத்தவே போய்விடும். ஏழாவது எட்டாவது தடுப்பாட்டக்காரருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு இரவு கிடைக்கும். அவரைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இனி முந்தைய சீசனின் ஜனவரியும் பிப்ரவரியும்தான், அந்த மாதங்களில் யாரை ஏஎச்எல்லிலிருந்து மேலே கூப்பிடுகிறார்கள், யாரைக் கூப்பிடாமலே விடுகிறார்கள் என்பதை இனி அக்டோபர் வெய்வர் பட்டியலைவிட அதிகமாகக் கவனிக்கப்போகிறேன்.